மினக்கேடு: ஒரு சொல்லின் சமூக வரலாறு

தமிழில் உழைப்பைக் குறிக்கும் சொற்களுக்குப் பெருமை மிகுதி. திருவள்ளுவர் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என மூன்று அதிகாரங்களுக்கு 'வினை' என்னும் சொல்லையே முதலாக வைத்துப் பெயரிட்டார். மடியின்மைக்கு ஒன்றும் ஆள்வினையுடைமைக்கு ஒன்றுமாக வேறு இரண்டு அதிகாரங்களும் அவர் நூலில் உண்டு. ஆனால் உழைப்பிலிருந்து நழுவுதலைக் குறிக்கும் அன்றாடச் சொற்களோ கொச்சையென ஒதுக்கப்படுவன. அவை வீட்டுமுற்றத்திலும் தோட்டத்திலும் கந்தோரிலும் விடுதியிலும் வழங்குவன, மேடையேறாதவை. எனினும் ஒரு சமூகத்தில் உழைப்பு யாருக்குச் சொந்தமாக இருந்தது என்பதை அறிய முற்படுவோர்க்கு இச்சிறு சொற்கள் தரும் சான்று பெரிது.

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் 'மினக்கெடுதல்' என்றொரு வினைச்சொல் உண்டு. புங்குடுதீவின் மடத்துவெளி தொடக்கம் நயினாதீவு, நெடுந்தீவு ஈறாகத் தீவகம் முழுவதிலும், குடாநாட்டிலும் இது வழங்குகின்றது. 'ஏன் மினக்கெடுகிறாய்?' என்று ஒருவரைக் கேட்டால், செய்யவேண்டியதை விட்டுக் காலத்தைப் போக்குகின்றாய் என்பது கருத்து. 'என்னை மினக்கெடுத்தாதே' என்றால், என் வேலையைத் தடுத்து நேரத்தை வீணாக்காதே என்பது பொருள். 'மினக்கேடு' இதன் பெயர்ச்சொல். 'பஞ்சி', 'வேலைக்கள்ளன்', 'சாட்டு' என்பன இதற்கு அயலிலே நிற்கும் சொற்கள். இவற்றுள்ளே மினக்கேட்டின் வரலாறே மிகத் தெளிவாகத் தெரிவது. மிகுந்த வியப்பைத் தருவதும் அதுவே.

சொல்லின் பிறப்பு

'மினக்கெடு' என்பது 'வினைகெடு' என்பதன் திரிபு. தமிழ்ப் பேச்சு வழக்கில் வகரம் மகரமாதல் புதிதன்று. விழி முழியாகின்றது, விழுங்கு முழுங்கு ஆகின்றது, வானம் பார்த்த பூமியை மானம் பார்த்த பூமி என்பாரும் உளர். அவ்வாறே வினை, மினை எனத் திரிந்து, பின் ஐகாரம் குறுகி 'மின' என நின்றது. வினை என்பது செயல், தொழில். கெடுதல் என்பது அழிதல், இல்லாமற் போதல். ஆகவே வினைகெடுதலாவது தொழில் நின்றுபோதல்.

இத்தொடர் பிற்காலத்துக் கொச்சை வழக்கில் உருவானதொன்றன்று. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்து இரண்டாம் குறளிலே, அதாவது 612ஆம் குறளிலே, 'வினைகெடல்' என்னும் வடிவம் இடம்பெறுகின்றது. எடுத்த செயலில் முயற்சி குன்றி அதனைக் கைவிடுதல் என்பதே அங்கு அதன் பொருள். கொச்சையென்று இன்று திருத்தப்படும் ஒரு சொல், ஓசை திரிந்தபோதும் பழைய உறுப்புகள் இரண்டையும் உடலிலே தாங்கி நிற்கின்றது.

பேசுவோர் இதனை மறந்துவிட்டனர் என்பதற்கும் மொழியிலேயே சான்றுண்டு. 'வேலை மினக்கெட்டு வந்தேன்' என்பது பரவலான வழக்கு. வினை என்பதும் வேலை என்பதும் ஒரு பொருளன; ஆதலின் இத்தொடரில் வேலை இருமுறை வருகின்றது. உள்ளே மறைந்துள்ள வினையை எவரும் உணராமையாற்றான் வேலை என்னும் சொல் முன்னே மீண்டும் வைக்கப்பட்டது. நடுச்சென்டர் என்பது போன்ற இரட்டிப்புகள் பேச்சில் தோன்றும் முறையும் இதுவே.

இரு கரையில் இரு பொருள்

பாக்கு நீரிணையின் மறுகரையில் இதே சொல் 'மெனக்கெடுதல்' என்னும் வடிவில் வழங்குகின்றது. ஆங்கு 'அவர் மெனக்கெட்டுச் செய்தார்' என்றால், தனிச் சிரத்தையெடுத்து, வருந்தி உழைத்துச் செய்தார் என்பது கருத்து. ஒரு நூலையோ திரைப்படத்தையோ மிகுந்த மெனக்கெடலோடு ஆக்கினார் என்று பத்திரிகைகள் பாராட்டுகின்றன. யாழ்ப்பாணத்திலே காலத்தை வீணாக்குதலைக் குறிக்கும் சொல், தமிழகத்திலே கடும் முயற்சியைக் குறிக்கின்றது. ஒரே வேரில் முளைத்த சொல் எவ்வாறு எதிரெதிரான இரு பொருள்களைப் பெற்றது?

விடை 'வேலை மினக்கெட்டு வந்தேன்' என்ற தொடரிலேயே உள்ளது. தன் வேலையைக் கெடவிட்டு மற்றொருவர் பொருட்டு ஒருவர் வருகின்றார். அவர் விட்டுவந்த வேலையின் பக்கம் நின்று நோக்கினால் அது நட்டம், நாள் வீணாயிற்று. யாருக்காக வந்தாரோ அவர் பக்கம் நின்று நோக்கினால் அது சிரமமெடுத்துச் செய்த உதவி. முன்னைய நோக்கு யாழ்ப்பாணத்தில் மேலோங்கியது. பின்னைய நோக்கு தமிழகத்தில் மேலோங்கியது. ஆயினும் யாழ்ப்பாண வழக்கிற் பின்னைய பொருள் முற்றாக அற்றுப்போகவில்லை. செத்தவீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் ஊரார் வேலை மினக்கெட்டு வருவது கடமை. வேலி அடைக்கவும் வீடு வேயவும் அயலவர் ஒருவர்க்கொருவர் முறைவைத்து உதவிய காலத்தில், ஒரு வீட்டின் மினக்கேடே மற்றொரு வீட்டின் கூரையாயிற்று. வராதிருந்தவரே பழிக்கப்பட்டார்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. வேலையை விடுதல் என்ற செயல் ஒன்றே. அதனை வீண் என்பதா, உதவி என்பதா, களவு என்பதா என்று தீர்மானிப்பது, அவ்வேலை யாருடையது என்ற கேள்வியாகும்.

இளைப்பாறுதற்கு இருந்த இடம்

மடத்துவெளி என்னும் இடப்பெயரும் இவ்வகையிற் கருதத்தக்கது. மடம் என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் கட்டடம். வெளி என்பது திறந்த நிலம். யாழ்ப்பாணத்துப் பழந்தெருக்களில் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் என்பன அமைந்திருந்தன. சுமந்து வருவோர் பிறர் துணையின்றித் தலைச்சுமையை இறக்கிவைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் சுமைதாங்கி உதவியது. கால்நடைகள் உடலை உரோஞ்சித் தினவு தீர்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் நடப்பட்டது. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் தெருவையே உள்ளடக்கி நிழல் தருவது. இவற்றைக் கட்டுவித்தோர் அதனை அறமாகக் கருதினர். உழைப்பினிடையே ஓய்வு வேண்டும் என்பதை மனிதர்க்கு மட்டுமன்றி மாட்டுக்கும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது.

ஆங்கில வரலாற்றறிஞர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில் இருவகைக் காலக்கணிப்பை வேறுபடுத்திக் காட்டினார். ஒன்று, செய்யும் வேலையைக் கொண்டு காலத்தை அளப்பது: அறுவடை முடியும்வரை, வற்றுப்பெருக்கு மாறும்வரை. மற்றொன்று, மணிக்கூட்டைக் கொண்டு வேலையை அளப்பது. முன்னையதில் உழைப்பும் ஓய்வும் பேச்சும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். பின்னையதில் காலம் பணமாகின்றது. ஒரு கணம் நின்றாலும் அது முதலாளியின் நட்டமாகின்றது. மீன்பிடியும் மானாவாரிப் பயிரும் பனைத்தொழிலும் கொண்ட தீவக வாழ்க்கை நெடுங்காலம் முன்னைய வகையைச் சார்ந்திருந்தது. மினக்கேடு என்ற சொல்லும் அவ்வுலகத்ததே. வேலை கெட்டது என்று அது கூறுகின்றதேயன்றி, யாரோ ஒருவர் பொருள் களவு போயிற்று என்று கூறவில்லை. 'பஞ்சி' என்பதும் அத்தகையது. 'பஞ்சியாக இருக்கிறது' என்று ஒருவர் தம்மைப் பற்றித் தாமே நாணமின்றிக் கூறலாம். அது உடலின் நிலை, குற்றப்பத்திரம் அன்று.

ஊழியமும் களவும்

'வேலைக்கள்ளன்' என்ற சொல் வேறு உலகத்தைச் சேர்ந்தது. களவு என்றால் உடைமை உண்டு. உடைமை என்றால் உடையவர் உண்டு. ஒருவன் தன் கையையும் காலையும் ஓய்வாக வைத்திருத்தல் களவாக வேண்டுமாயின், அக்கையும் காலும் அந்நேரத்தில் மற்றொருவர்க்கு உரியனவாக இருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து வரலாற்றில் அவ்வாறு உரியனவாக இருந்த காலம் நீண்டது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் 1795 வரை ஆண்டனர். ஊர்காவற்றுறைக் கடலில் நிற்கும் அம்மன்னீல் கோட்டையும், வேலணைக்கு லெய்டன் என்றும் புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும் அவர்கள் இட்ட பெயர்களும் அவ்வாட்சியின் எச்சங்கள். அக்காலத்தில் குறிப்பிட்ட சமூகத்தினர் ஆண்டுதோறும் சில நாட்கள் கம்பனிக்குக் கட்டாய வேலை செய்யவேண்டியிருந்தது. அதற்கு 'ஊழியம்' என்று பெயர். வராதோர் தண்டப்பணம் செலுத்தினர். யாழ்ப்பாணத்துக் கொமாண்டராக இருந்த ஹென்றிக் சுவார்டெக்குறூன் 1697இல் எழுதிவைத்த அறிக்கையில் ஊழியமும் அதற்குரிய தண்டமும் ஆட்சியின் வருவாய் விடயங்களாகவே பேசப்படுகின்றன. வேலைக்கு வாராமை முதன்முதலாக ஏட்டிலே பதியப்பட்டுக் காசாகக் கணக்கிடப்பட்டமை இத்தகைய ஆட்சிகளினாலேயாம்.

உள்ளூர்ச் சமூகமும் இதற்கு விலக்கன்று. கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்து 1707இல் ஆட்சியாளரால் ஏற்கப்பட்ட தேசவழமை, காணி, சீதனம் ஆகியவற்றோடு அடிமைகள் பற்றியும் விதிகள் கூறுகின்றது. அடிமை உழைப்பு ஒருவர்க்குச் சொத்தாக இருந்த சமூகத்தில், அவ்வுழைப்பைத் தராமை களவென்று பெயர்பெறுதல் இயல்பே. கட்டாய இராசகாரியம் இலங்கையில் 1832இல் ஒழிக்கப்பட்டது. அடிமைமுறை 1844இற் சட்டப்படி ஒழிந்தது. சட்டம் மாறிய பின்னும் குடிமைத் தொழில்கள் ஊர்களில் நெடுங்காலம் தொடர்ந்தன. அவற்றோடு அச்சொல்லும் தொடர்ந்தது.

இவ்விடத்து மற்றொரு சொல்லின் போக்கும் நோக்கத்தக்கது. கட்டாய உழைப்பின் பெயராகிய ஊழியம் பிற்காலத்தில் உயர்ந்தது. கிறித்தவர்க்கு அது இறைபணி. அலுவலகத்தில் ஊழியர் என்பது மதிப்பான பெயர். ஊழியர் சங்கம் உரிமை கேட்கும் அமைப்பு. வற்புறுத்தப்பட்ட வேலையைக் குறித்த சொல் மேன்மையடைய, அதற்கு இணங்காதவனைக் குறித்த சொல் மட்டும் கள்ளனாகவே நின்றுவிட்டது.

பேரும் அரைப்பேரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மலையகத்தில் கோப்பித் தோட்டங்களும், 1867இன் பின் தேயிலைத் தோட்டங்களும் பெருகின. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் உலகில் மணிக்கூட்டுக் காலம் முழு அதிகாரத்துடன் நுழைந்தது. காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் இடம் பெரட்டுக்களம் எனப்பட்டது. 'பெரட்டு' என்பது படைவீரர் அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. தோட்டம் எத்தகைய ஒழுங்கைத் தனக்கு முன்மாதிரியாகக் கொண்டது என்பதை இச்சொல்லே காட்டுகின்றது. ஒரு நாட் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். வேலை போதாதென்று கருதப்பட்டால் 'அரைப்பேர்' போடப்பட்டது. ஒரு மனிதனின் பேரே அவனது நாட்கூலியாகிப் பின் பாதியாகக் குறைக்கப்படும் நிலையை இதைவிடச் சுருக்கமாகக் கூறமுடியாது.

தீவகத்தவரும் குடாநாட்டவரும் இவ்வுலகத்தைக் கணக்கேட்டின் மறுபக்கத்திலிருந்து அறிந்தனர். அதே நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்தவர் பலர் மலாயாவிற்குப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் தோட்டங்களிலும் இலிகிதர்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் சென்றனர். மலாயாத் தோட்டங்களிலும் பெரட்டு உண்டு. ஏடு எழுதுபவர் 'கிராணி' எனப்பட்டார். ஆகவே தமிழர் ஒருவர் ஏட்டைப் பிடிக்க, மற்றொரு தமிழரின் பேர் அதில் பாதியாயிற்று. வேலைக்கள்ளத்தைக் கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு வகுப்பு நம்மவரிடையே தோன்றியது என்பதை மறைத்தலாகாது.

அக்காலத்து ஆட்சியாளரும் தோட்டத்துரைமாரும் மலாயரைச் சோம்பேறிகள் என்றனர். கண்டி விவசாயிகளையும் அவ்வாறே கூறினர். சையத் ஹுசைன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில், மலாய, யாவா, பிலிப்பைன் மக்களைப் பற்றிய இக்கூற்று குடியேற்றவாதத்தின் தேவையிற் பிறந்த கட்டுக்கதை என்று நிறுவினார். தம் நிலத்தில் தமக்காக உழைத்தவர்கள் தோட்டக்கூலிக்கு வர மறுத்தனர். அம்மறுப்பே சோம்பல் எனப் பெயரிடப்பட்டது. கெடா மாநிலத்து நெற்செய்கைக் கிராமமொன்றை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்கொட் 1985இல், மெதுவாக வேலை செய்தல், அறியாதவர்போல் நடித்தல், நழுவுதல் ஆகியவை வலியற்றோரின் ஆயுதங்கள் என்றார். வெளிப்படையாக எதிர்க்க முடியாதவர் கையில் எஞ்சுவது அதுவே. இந்நோக்கில் வேலைக்கள்ளன் என்ற பழிச்சொல் ஓர் எதிர்ப்பின் பதிவாகவும் ஆகின்றது; ஆனால் பதிவு செய்தவர் எதிர்க்கப்பட்டவர்.

முதலெழுத்துக் கதைகள்

இருபதாம் நூற்றாண்டின் கந்தோர் வாழ்க்கை புதிய சொற்களைத் தந்தது. தமிழகத்தில் 'ஓபி அடித்தல்' என்பது வேலை செய்வதுபோற் காட்டிக் காலம் போக்குதல். 'ஓசி' என்பது இருகரையிலும் இனாமைக் குறிப்பது. ஓசிக்கு ஒரு பிறப்புக் கதை பெருவழக்காயுள்ளது: கிழக்கிந்தியக் கம்பனியின் கடிதங்கள் கம்பனி அலுவல் என்று பொருள்படும் ஆங்கில முதலெழுத்துகளுடன் கட்டணமின்றிச் சென்றன, அவ்வெழுத்துகளே ஓசியாயின என்பர். ஓபியையும் ஏதோ இரண்டு ஆங்கில எழுத்துகளாக விரித்துக் காட்டும் ஆர்வம் உண்டு.

இத்தகைய கதைகளை ஏற்குமுன் இரண்டு கேள்விகள் கேட்டல் வேண்டும். அச்சொல் அப்பொருளில் அக்காலத்து எழுத்திலே காணப்படுகின்றதா? ஒலியும் பொருளும் மாறிய வழியைப் படிப்படியாகக் காட்ட முடிகின்றதா? பிரெஞ்சு மொழியின் 'சபோட்டாஜ்' என்ற சொல்லுக்கும், தொழிலாளர் மரச்செருப்புகளை இயந்திரத்துள் எறிந்தமையால் வந்தது என்ற இனிய கதை உண்டு. மரச்செருப்பைக் குறிக்கும் சொல்லோடு அது தொடர்புடையதே. ஆனால் செருப்பொலிக்க நடத்தல், அதிலிருந்து செம்மையற்ற வேலை செய்தல் என்றே பொருள் வளர்ந்ததென அறிஞர் கொள்வர். கதை கவர்ச்சியானது என்பதனால் அது வரலாறாகிவிடாது. மினக்கெடு என்ற சொல்லுக்கு ஒரு கதையும் தேவைப்படவில்லை. பழைய வடிவம் நூலில் உண்டு. ஒலித்திரிபுக்கு ஒப்புமைகள் உண்டு. இருபொருளையும் இணைக்கும் தொடர் இன்றும் வாயில் உண்டு.

பிள்ளைச் சாட்டு

'வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாட்டு' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. சாட்டு என்றால் போலிக்காரணம். வேலைக்கு வாராத பெண் பிள்ளையைக் காரணங் காட்டுகின்றாள் என்று இது நகைக்கின்றது. பழமொழி பெண்பாலிலே அமைந்தது தற்செயலன்று. பிள்ளையைக் குளிப்பாட்டுதலும் உணவூட்டுதலும் உறங்கவைத்தலும் வேலையாக எண்ணப்படாதபோதுதான் அவை சாட்டாக முடியும். வயலிலோ அடுக்களையிலோ பிறர் எதிர்பார்க்கும் வேலை ஒன்றே வேலை. மற்றவை கணக்கில் இல்லை. பெரட்டு ஏட்டின் அளவுகோல் அதற்கு முன்னரே வீட்டினுள் இருந்தது என்பதற்கு இப்பழமொழியே சாட்சி.

இதனால் நழுவுதல் என்றொன்று இல்லை என்றோ, அதனைக் கண்டிக்கும் சொற்கள் யாவும் எசமானரின் சொற்கள் என்றோ கொள்ளலாகாது. பத்துப்பேர் சேர்ந்து வலை இழுக்கையில் ஒருவர் கையைத் தளர்த்தினால் அந்தப் பாரம் மற்றை ஒன்பதுபேர் தோளில் இறங்கும். சமமானவர்கள் தமக்குள் கூறும் கண்டனம் நியாயமானது. கூட்டுழைப்பு அதனாலேயே நிலைக்கும். ஒரே சொல்லை அயலவர் அயலவரை நோக்கிக் கூறுதலும், ஏடு பிடித்தவர் கூலியாளை நோக்கிக் கூறுதலும் வேறு வேறு என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

அகராதியில் இல்லாதது

தமிழ் அகராதிக் கலையில் ஈழத்துக்குச் சிறப்பான இடம் உண்டு. 1842இல் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. 1862இல் வெளியான வின்சுலோ அகராதிக்கும் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற சொற்றொகுப்பே அடிப்படை. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இற் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்த தனிநாயகம் அடிகள், ஊர்காவற்றுறைக்கு அயலிலுள்ள கரம்பொன்னைச் சேர்ந்தவர். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி யாழ்ப்பாண வழக்குகளைத் தனிக்குறியீட்டுடன் பதிந்தது. யாழ்ப்பாணத் தமிழிற் சாதியும் உறவுமுறையும் பதிந்துள்ள பாங்கைப் பேராசிரியர் சுசீந்திரராஜா ஆராய்ந்தார்.

இவ்வளவும் இருந்தும் அகராதிகள் தராத செய்தி ஒன்றுண்டு: ஒரு சொல்லை யார், யாரை நோக்கிக் கூறினர் என்பது. வேலைக்கள்ளன் என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கும். அது எந்தத் திண்ணையிலிருந்து எந்த முற்றத்தை நோக்கி வீசப்பட்டது என்பது கிடையாது. அச்செய்தி பேசுவோர் நினைவிலேதான் இருக்கின்றது. 1991இல் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மீண்டோர் சிலர்; குடாநாட்டிலும் வன்னியிலும் கொழும்பிலும், இலண்டன், பாரிஸ், ரொறொன்ரோ நகரங்களிலும் பரந்து வாழ்வோர் பலர். துலா மிதித்த தலைமுறையும், மலாயாவிலிருந்து ஓய்வூதியத்துடன் திரும்பியோரைக் கண்ட தலைமுறையும் குறைந்துகொண்டே வருகின்றன.

ஆகவே பல்கலைக்கழக மாணவர் செய்யவேண்டிய பணி ஒன்று எஞ்சியுள்ளது. சொற்பட்டியல் போதாது, முழு வாக்கியங்களைத் தொகுத்தல் வேண்டும். கூறியவர் யார், கேட்டவர் யார், அப்பொழுது நடந்த வேலை எது, அவ்வேலையின் பயன் யாருக்குச் சென்றது என்ற நான்கையும் ஒவ்வொரு வாக்கியத்துடனும் குறித்தல் வேண்டும். கூலிக்குப் போனவர்களிடமும் பெண்களிடமும் முதலிற் கேட்டல் வேண்டும். அவர்கள் தம் மேற்பார்வையாளருக்கு இட்டிருந்த பெயர்கள் எந்த அகராதியிலும் ஏறாதவை. அவை கிடைக்குமாயின், ஏட்டைப் பிடித்தவர் எழுதிய வரலாற்றுக்கு ஏட்டிலே பேர் எழுதப்பட்டவர் கூறும் மறுமொழியும் கிடைக்கும். அதற்காகச் சில நாட்கள் மினக்கெடுதல் தகும். அச்சொல்லை எந்தக் கரையின் பொருளிற் கொண்டாலும்.